அரிசி டிரம்முக்குள் இருந்த குரல்

தையல் மிஷின் ரிப்பேர் என்றுதான் என் கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் சங்கரன்கோவிலில் சுற்றிக்கொண்டிருந்த பொருள் எதுவாக இருந்தாலும், அது நின்றுபோனால் யாராவது என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிரைண்டர் வந்திருக்கிறது, சுவர்க் கடிகாரம் வந்திருக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ராட்டினம் போட வந்தவர் ஒருமுறை பல்சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அப்படித்தான் அந்தப் பாட்டுப்பெட்டியும் வந்தது.

கொண்டுவந்தவர் கரிவலம்வந்தநல்லூரில் பெரிய வீடு உள்ள அண்ணாச்சி. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தட்டு ரெக்கார்டு போடுகிற கிராமபோன் இல்லை அது. அதற்கும் முந்தியது. டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிய மெழுகுக் குழல் ஒன்றைப் படுக்கைவாட்டில் மாட்டி, சாவி கொடுத்துச் சுழலவிட வேண்டும். ஊசி அதன் மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். சத்தம் தகரக் குழாய் வழியாக வெளியே வரும்.

"இவன் எங்க தாத்தா காலத்துலயே பேச்சை நிறுத்திட்டான் வே, உம்மை மாதிரி," என்றார் அண்ணாச்சி. "அவசரம் ஒண்ணுமில்ல. இத்தனை வருசம் சும்மா கெடந்த பய, இன்னும் கொஞ்ச நாள் கெடந்தா கொறைஞ்சா போவான்?"

நான் "உம்" என்றேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு வாய் வராத இடத்திலெல்லாம் பேசுவது அவள்தான்.

"அண்ணாச்சி, இவிய 'உம்'னு சொன்னா முடியும்னு அர்த்தம். 'பாப்போம்'னு சொன்னா முடியாதுன்னு அர்த்தம். இப்ப 'உம்'னுதான் சொல்லியிருக்காவ. தைரியமாப் போங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தபோது பெரிய பழுது எதுவும் இல்லை. வில்சுருளில் கிரீஸ் கெட்டியாகியிருந்தது. ஊசித் தலைக்குள் மெல்லிய மைக்காத் தகடு ஒன்று உண்டு, அதைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருந்தது. சைக்கிள் வால்வ் டியூபை வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். பெட்டியோடு இரண்டு ஊசித் தலைகள் இருந்தன. ஒன்று மெழுகில் உள்ளதைப் பேச வைப்பது, இன்னொன்று பேசுவதை மெழுகில் கீறுவது. கூட வந்த மெழுகுக் குழல்களில் பாதி உடைந்திருந்தன, பாதி ஊறுகாயில் பூத்த மாதிரிப் பூசணம் பிடித்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் பழுப்பு நிறத்தில், கோடு எதுவும் விழாமல் வழுவழுவென்று இருந்தது. யாரும் அதில் பேசியதே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையில் இருந்த மிஷின்களுக்கெல்லாம் அவள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். பாட்டுப்பெட்டிக்கும் வைத்தாள். அந்தப் பழுப்புக் குழலை நோக்கி விரல் நீண்டதும் நான் கையால் மூடிக்கொண்டேன்.

"மெழுகுல வைக்காத. ஊசி ஓடுத எடம்."

"சந்தனம் ஆவாதுன்னா இது என்ன சாமி?" என்று சொல்லிவிட்டு, குழல் இருந்த அட்டைப் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தாள்.

பூஜையன்று எந்த மிஷினையும் ஓட்டக் கூடாது. மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு ஏதாவது புதிதாகத் தொடங்க வேண்டும். இந்தக் குழலில் பேசிப் பார்ப்போமா என்று கேட்டேன். நானே கேட்டது அவளுக்கு ஆச்சரியம். முதலில் நான்தான் பேச வேண்டும் என்றாள். மைக், கரண்டு எதுவும் கிடையாது. குழாய்க்குள் முகத்தை நுழைத்துச் சத்தமாகப் பேச வேண்டும். குரல்தான் ஊசியை ஆட்டும், ஊசி மெழுகைக் கீறும். நான் குழாய் முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன். பிறகு விலகிவிட்டேன்.

"நல்லாப் பேசுனீங்க. தள்ளுங்க," என்றாள். உள்ளே போய் பூஜை அலமாரியிலிருந்து மணியை எடுத்துக்கொண்டு வந்தாள். "சாமிக்கே மணி அடிச்சாத்தான் காது கேக்கும். இந்தப் பொட்டி எம்மாத்திரம்?"

ஊசியை இறக்கினேன். குழாயின் வாயில் மணியை அடித்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். நடுவில் என்னையும் கூப்பிட்டாள். நான் தலையை ஆட்டினேன். குழல் ஓடி முடியும்வரை அவளேதான் பேசினாள்.

ஊசித் தலையை மாற்றி ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயே, நானா இது? பஸ்ல ஆட்டுக்குட்டி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. நிப்பாட்டுங்க!" வெயிலில் மெழுகு இளகிவிடும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும், எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அட்டைப் பெட்டியில் பஞ்சை வைத்துக் குழலைச் சுற்றி, பெட்டியைப் பாலித்தீன் பைக்குள் கட்டி, அரிசி டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியில் செருகினாள். "இதைவிடக் குளிர்ச்சியா, காய்ஞ்சு கெடக்குற எடம் இந்த வீட்டுல கெடையாது," என்றாள்.

அண்ணாச்சி அப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பாட்டுப்பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தேன்.

தை மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. கிட்னி என்றார்கள். அதன் பிறகு திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவதும், ஊசியும் குழாயுமாகப் படுத்துக் கிடப்பதும், சாயங்காலம் திரும்பி வருவதுமாகவே நாட்கள் போயின. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் "ஒரு சொம்பு தண்ணி குடிங்க" என்று உட்கார வைத்தவள் அவள்.

அந்த மாதங்களில் அவள் குரல் இறங்கிவிட்டது. கட்டிலுக்கு அருகில் நான் உட்கார்ந்திருக்கும்போது, "ஏங்க, ஒரு வாய் தண்ணி," என்பாள். அது எனக்கு மட்டும்தான் கேட்கும். எங்கள் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து கூட இருந்த நாட்களில் அதையும் கேட்க மாட்டாள், மகள் சத்தம் போடுவாள் என்று. மகள் குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்து கேட்பாள். சில நாள் கொடுப்பேன். சில நாள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன்.

ஆவணியில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு நானும் மகளும் மட்டும் இருந்தோம். மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்று அவள் தேடத் தொடங்கியிருந்தாள். எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டாள். அதில் தாலி கட்டுகிற நேரத்திலிருந்து பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டுதான். எல்லோருக்கும் வாய் அசைகிறது, ஒருவர் குரலும் கேட்கவில்லை. அவள் அம்மா யாரையோ பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், அதற்கு மேல் டூயட் ஓடுகிறது. பாப்பாவின் பழைய போனில் அம்மா அனுப்பிய பேச்சுகள் இருந்தன. அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியது வாங்கியபோது அவை போய்விட்டன. அப்போது அது ஒரு நஷ்டமாகவே தோன்றவில்லையாம். அம்மாதான் தினமும் கூப்பிடுகிறாளே என்று இருந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் உலை வைக்க அரிசி அள்ளப் போனவள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"எப்பா, அரிசிக்குள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்க?"

பாலித்தீன் பையும் அதற்குள் அட்டைப் பெட்டியும். மூடியில் காய்ந்த சந்தனம். நானே அதை மறந்திருந்தேன்.

"உங்க அம்மா பேச்சு," என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் விவரம் சொல்லச் சொல்ல அரிசி டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "போடுங்கப்பா. இப்பவே போடுங்க."

பாட்டுப்பெட்டி ஓடவில்லை. குழலைச் சுற்றுகிற தோல் பெல்ட் இற்று அறுந்து கிடந்தது. சாவியைத் திருகினால் உள்ளே கரகரவென்றது. அத்தனை மாதம் ஓட்டாமல் கிடந்ததில் கிரீஸ் மறுபடியும் இறுகியிருந்தது. சரி பண்ண முடியுமா என்று கேட்டாள். "பாப்போம்," என்றேன். அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதானே, அதற்கு மேல் கேட்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பெட்டி மேல் கை வைக்கவே மனம் வரவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜையும் எங்கள் வீட்டில் கிடையாது. இறப்பு நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை விளக்கு மட்டும் ஏற்றுவோம், மணி அடிக்க மாட்டோம்.

மாசி மாதம் அண்ணாச்சி போன் பண்ணினார். வீட்டை விற்கப் போகிறாராம். பழைய சாமான் எடுக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வருகிறார், பெட்டியும் அதோடு போக வேண்டும்.

"பாடுதா வே?" என்றார்.

"உம்," என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அறுந்த பெல்ட்டைப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் வந்துவிடு என்று பாப்பாவுக்குச் சொன்னேன்.

செருப்புக் கடையில் உள்தோல் துண்டு வாங்கி, நுனி இரண்டையும் சீவி ஒட்டிப் புது பெல்ட் போட்டேன். வில்சுருளை மண்ணெண்ணெயில் கழுவினேன். கஷ்டமெல்லாம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற இடத்தில்தான். மூன்று சின்ன ஈயக் குண்டுகள் சுழலும். ஒரு தோல் துண்டு அதன் தகட்டை உரசி வேகத்தைப் பிடித்து நிறுத்தும். ஒரு திருகாணியால் அந்த உரசலைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தத் தோல் காய்ந்து சுருண்டுபோயிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றியதும் பழைய வேகம் எது என்று தெரியாமல் போய்விட்டது. அவள் பேசிய அன்று குழல் எந்த வேகத்தில் ஓடியதோ அதே வேகத்தில் இப்போதும் ஓட வேண்டும். கூடினால் குரல் கீச்சென்று ஆகும். குறைந்தால் கனத்துவிடும். சும்மா போட்டுப் போட்டுப் பார்க்கவும் முடியாது. மெழுகு மென்மையானது. ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் குரலில் கொஞ்சம் மாவாக உதிர்ந்துவிடும்.

ஆனால் நான் அதைப் பற்றிப் பெரிதாகப் பயப்படவில்லை. அவள் குரல் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பாப்பா வந்தாள். போனில் பதிவு செய்ய எல்லாம் தயாராக வைத்துக்கொண்டாள். நான் குழலுக்குள் இரண்டு விரல்களை விட்டு, வெளியே கை படாமல் எடுத்து மாட்டினேன். ஊசியை இறக்கினேன். எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரு இரைச்சல். பிறகு மணி. பிறகு அவள்.

திருகாணியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் குரல் வந்து பொருந்தியது. அவளேதான். கையை எடுத்துவிட்டேன்.

"இல்லப்பா," என்றாள் பாப்பா. "அம்மா குரல் இவ்வளவு கீழ இருக்காது. ஆம்பள பேசுத மாதிரி இருக்கு. கூட்டுங்க."

கூட்டினேன். "ஆங், இதான்! இதான்ப்பா!" என்று அழத் தொடங்கினாள். எனக்கு அது யாரோ ஒரு சின்னப் பெண் பேசுவது போல இருந்தது. ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"ரொம்பக் கீச்சுன்னு இருக்குட்டி."

"எப்பா, அம்மா இப்படித்தான் பேசுவா. போன்ல 'பாப்பா, சாப்பிட்டியா'ன்னு கேட்டா பக்கத்து வீட்டுக்காரி 'சாப்பிட்டேன்'னு சொல்லுவா."

"என்கிட்ட அப்படிப் பேச மாட்டா."

"உங்ககிட்ட பேசுன குரல் எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரே ஆளோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். அவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இருவரும் இரண்டு பேரை நினைவில் வைத்திருந்தோம். ஊசி முனையில் பழுப்பு மாவு ஒட்டியிருந்தது. அதைத் தூரிகையால் தட்ட எனக்குக் கை வரவில்லை.

பாப்பா எழுந்தாள். "எப்பா, மொதல்ல ஒரு மணி கேட்டுதே. அது நம்ம வீட்டு மணிதானே?"

"ஆமா."

"அது இப்பவும் அங்கனதானே இருக்கு? மணி மாறாதுல்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் அலமாரியைத் திறந்து மணியை எடுத்தாள், நாக்கு அசையாமல் விரலால் பிடித்தபடி. என் முன்னால் வந்து தயங்கினாள். "வருசம் திரும்பலையேப்பா. அடிக்கலாமா?"

"சாமிக்கு அடிக்கலட்டி," என்றேன். "மிஷினுக்கு அடிக்கோம்."

மணி வரும் இடம் வரைக்கும் மட்டும் ஓடவிட்டு, குரல் வருவதற்குள் ஊசியைத் தூக்கிவிடுவேன். குழாயில் மணி கேட்கும்போதே பாப்பா கையில் உள்ளதையும் அடிப்பாள். இரண்டின் சுருதியும் விலகியிருந்தால், தையல் நழுவுகிற மிஷின் மாதிரி காதுக்குள் ஒரு நடுக்கம் கேட்கும். திருகாணியை ஒரு மயிரிழை திருப்புவேன். மறுபடியும் மணி. வயிற்றைப் பசித்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. மெழுகில் இருந்த மணி தேய்ந்துகொண்டே வந்தது. அது முழுக்கத் தேய்வதற்குள் கிடைத்துவிட வேண்டும். கடைசியில் ஒருமுறை பாப்பா அடித்தபோது நடுக்கம் இல்லை. எது குழாய், எது கை என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மணியாகக் கேட்டன.

"தூக்காதீங்கப்பா," என்றாள். போனைக் குழாய் அருகில் கொண்டுபோனாள்.

"ஏங்க, ஓடுதா? பேசலாமா? சங்கரன்கோவில்ல இருந்து பேசுதேன். எல்லாரும் சௌக்கியமா? எங்க வீட்டு மிஷினுக்கெல்லாம் நேத்துப் பொட்டு வச்சாச்சு. இந்தப் பொட்டிக்கும் வச்சாச்சு. பாப்பா, தீவாளிக்கு ரெண்டு நாளைக்கு முன்னமே வந்திரு, அன்னைக்குன்னு பஸ்ல நிக்காத. ஏங்க, நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. வாங்க. என்னமாச்சும் சொல்லுங்க."

பிறகு இரைச்சல் மட்டும். குழல் சுழன்றுகொண்டே இருந்தது. அந்த இடத்தில் நான் இருக்கிறேன்.

"பாப்பா, உங்கப்பா தலையை ஆட்டுதாவ. தலையாட்டுனா இதுல கேக்குமா?" சிரிப்பு. "செரி, போதும். அடுப்புல கொழம்பு கொதிக்கு."

பாப்பா சொன்னதுதான் சரி. குரல் மேலேதான் இருந்தது. குழாய்க்குள் சத்தம் போட்டுப் பேசியதால் அப்படி இருக்குமோ என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. வாசலில் நின்று பூக்காரியைக் கூப்பிட்ட குரல் அது, அண்ணாச்சியைக் கேலி செய்த குரல் அது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் கேட்ட குரல் அதுதான். நான் அவள் குரல் என்று நினைத்து வைத்திருந்தது கடைசி மாதங்களின் குரலை. அந்தக் கொஞ்ச நாள், அதற்கு முந்திய வருஷங்கள் அத்தனையையும் எனக்குள் அழித்துவிட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியவேயில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். "என்ன வே, பேச வச்சிட்டீராமே?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், பாப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உடைந்த குழல்கள், ஊசித் தலைகள், குழாய் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். சந்தனப் பொட்டு வைத்த அட்டைப் பெட்டியையும் கொடுத்தேன். அதுவும் அவருடைய பொருள்தானே. பாப்பா விஷயத்தைச் சொன்னாள். அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை, இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார்.

"அது உம்ம வீட்டுக் குரலு வே. அதை விலைக்குக் குடுத்துட்டு நான் நல்லா இருப்பனா?"

பாட்டுப்பெட்டி போய்விட்டது. மெழுகுக் குழல் அரிசி டிரம்மில் இருக்கிறது, அதைப் பேச வைக்க இனி என்னிடம் எதுவும் இல்லை. பாப்பா பதிவு செய்ததை என் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். காலையில் கடை திறந்ததும் ஒருமுறை கேட்பேன். கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒன்று நடந்துவிட்டது. அவளுடைய தணிந்த குரல் எனக்கு வருவதில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஏங்க, ஒரு வாய் தண்ணி" என்ற அந்த வார்த்தைகளை நினைத்துப் பார்க்கிறேன். வார்த்தைகள் வருகின்றன. குரல் மட்டும் மெழுகில் உள்ள குரலாக வருகிறது. அந்தக் குரலில் அவள் என்னிடம் தண்ணீர் கேட்டதே கிடையாது. கடையில் நான் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து, "தண்ணி கொண்டாரவா?" என்றுதான் கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். எப்படியும் கொண்டுவந்துவிடுவாள்.